நான் வாங்கிக் கொடுத்த நான்கு கையெழுத்து

ஏப்ரல் 8, திங்கள்
அழுத்தம் 138/86

இரத்த அழுத்தத்தைத் தினமும் எழுதி வரும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். நாளுக்கு ஒரு முழுப் பக்கம் உள்ள நாட்குறிப்பில் இரண்டு எண்களை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. ஊரில் மாவட்டக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். வெறும் தாளைக் கண்டால் கை சும்மா இராது. இதை வாசிக்கப்போகிறவர் வைத்தியர் ஒருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. மிகவும் வசதி.

ஸ்காபரோவில் இந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில், 706ஆம் இலக்க வீட்டில், நானும் மனைவி இராசமலரும் பதினேழு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். இன்று லிப்ட்டுக்குள் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. கட்டடத்தின் பல்கனிகள் எல்லாவற்றையும் உடைத்துத் திருத்தப்போகிறார்களாம். லிப்ட்டில் நின்ற நால்வருக்கும், யாரும் கேட்காமலே, உரத்து வாசித்துக் காட்டினேன். மூன்றாம் மாடியில் இறங்க வேண்டிய ஓர் அம்மா என் ஆங்கிலத்துக்கு மரியாதை கொடுத்து ஏழாம் மாடி வரை வந்தார். அல்லது நான் கதவை மறைத்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

ஏப்ரல் 11, வியாழன்
141/88

காலை ஏழு மணிக்குத் துளைக்கத் தொடங்கினார்கள். பல்கனிக் கதவைப் பலகை அடித்து மூடியாயிற்று. வெளியே இருந்த ஆறு மடக்குக் கதிரைகளும், விசேஷச் சமையலுக்கான ஒரு கிடாரமும், மனைவி மலர் கத்தரி நடும் பதினொரு வாளிகளும் வரவேற்பறைக்குள் வந்துவிட்டன. தொலைக்காட்சியை வாளிகளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

704இல் இருக்கும் சுகிர்தாவை நடைபாதையில் கண்டேன். பிஸ்கட் தொழிற்சாலையில் மாலை வேலை. காலையில்தான் கொஞ்சம் நித்திரை கொள்வாள். பதினான்கு வருடத்துக்கு முன் கைக்குழந்தையோடு தனியே இந்தக் கட்டடத்துக்கு வந்தவள். அந்தக் குழந்தை இப்போது உயர்தரப் பள்ளிக்குப் போகிறது.

"வாசண்ணை, உவங்கள் சுவரைத் துளைக்கிறாங்களோ என்ர தலையைத் துளைக்கிறாங்களோ தெரியேல்லை. ஒருக்கா மேலாளரோட கதைச்சுப் பாருங்கோவன். நீங்கள் கதைச்சா அவன் கேப்பான்."

வைகுந்தவாசன் என்ற என் முழுப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் "நீங்கள் கதைச்சா அவன் கேப்பான்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நாள் முழுவதும் வயிறு நிறைந்துவிடும்.

ஏப்ரல் 16, செவ்வாய்
132/82 (இவ்வருடத்தில் மிகக் குறைவு)

கதைத்தேன். கட்டட மேலாளர் கிரெக்குக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நான் எழுதிக்கொண்டு போன மூன்று பக்கக் கடிதத்தை நின்றபடியே பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்ல ஆங்கிலத்தை இந்தக் கட்டடத்தில் நான் கண்டதில்லை" என்றார். பிறகு உட்காரச் சொன்னார், கோப்பி தந்தார், கடைசியில் ஒரு பதவியும் தந்தார். திருத்த வேலை முடியும்வரை ஏழாம் மாடித் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் "குடியிருப்பாளர் தொடர்பாளர்". கழுத்தில் மாட்ட அட்டை ஒன்றும் உண்டு. அதில் என் பெயரில் ஓர் எழுத்து பிழை. பதவியேற்ற நாளிலேயே குறை சொல்லக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

முதல் பணி: நீண்ட காலமாக இருக்கும் ஐந்து தமிழ் வீடுகளிலும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வேலையாட்கள் உள்ளே வந்து பல்கனியைத் திருத்த அனுமதி. அவ்வளவுதான் என்றார் கிரெக். ஐந்தில் ஒன்று எங்களுடைய வீடு.

மலர் அட்டையைப் பார்த்துவிட்டு, "உதைக் கழுத்தில போட்டுக்கொண்டு குளிச்சிடாதேங்கோ" என்றாள்.

ஏப்ரல் 18, வியாழன்
134/84

701இல் குலசிங்கம் வீடு. 709இல் நேசம் அக்கா வீடு. இரண்டு தேநீர், நான்கு பயற்றம் பணியாரம், இரண்டு கையெழுத்து. இருவரும் கேட்டது ஒரே கேள்வி: "எங்க வைக்கிறது?"

படிவம் நான்கு பக்கம், எறும்பு எழுத்து. என் வாசிப்புக் கண்ணாடி வீட்டில் கிடந்தது. மேலாளர் சொன்ன பொருளைத் தமிழில் சொன்னேன். கச்சேரியிலும் அதிகாரி சொன்னதைத்தான் நாங்கள் மக்களுக்குச் சொன்னோம்.

ஏப்ரல் 19, வெள்ளி
164/95. சொதியில் உப்புக் கூடிவிட்டது.

காலையில் 711இல் உள்ள இளம் தம்பதியிடம் கையெழுத்து வாங்கினேன். பிறகு எங்கள் வீட்டுப் படிவத்தில் கையெழுத்து வைப்பதற்காக மேசையில் அமர்ந்து கண்ணாடியை மாட்டினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல்லின் பொருள் பற்றி எனக்கு ஒரு சிறு ஐயம். கீழே போய்க் கிரெக்கிடம் கேட்டேன். விளக்கினார். விளக்கம் திருப்தியாக இருந்தது. தொடர்பாளர் இந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லி என்னுடையதைத் திருப்பித் தந்தார்.

சொதியை மலர் ருசி பார்த்தாள். உப்பு அளவாகத்தான் இருக்கிறதாம்.

ஏப்ரல் 20, சனி
171/98

704. கையெழுத்து வாங்கியாயிற்று.

மே 7, செவ்வாய்
150/90

எழுதாமல் விட்டதற்குக் காரணம் தூசி. எல்லாவற்றிலும் தூசி. சோற்றில் தூசி, கண்ணாடியில் தூசி, சாமிப் படத்தில் சாமியே திருநீறு பூசாமல் திருநீறோடு இருக்கிறார். மழை பெய்தால் பல்கனிச் சுவரில் விழுந்த வெடிப்பால் தண்ணீர் உள்ளே வருகிறது. எங்கள் சுவரில் கதவளவு ஈரத் திட்டு. சுகிர்தா வீட்டில் வாளி வைத்துத் தண்ணீர் ஏந்துகிறாள். நாங்கள் எங்கள் பதினொன்றில் இரண்டைக் கொடுத்தோம்.

கிரெக்கிடம் நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் என் ஆங்கிலத்தைப் பாராட்டினார்.

இன்று சுகிர்தா தானே நகரசபையின் தொலைபேசி இலக்கத்தை எடுத்து, "வோட்டர் கம்மிங், வோல் கிராக்" என்று சொல்லி முறைப்பாடு பதிந்துவிட்டாள். நான் இருக்கும்போது இப்படி இலக்கணமில்லாமல் ஒரு முறைப்பாடு போனது எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று நாளில் பரிசோதகர் வருகிறார்.

மே 10, வெள்ளி
146/88

இன்று நடந்ததை வருங்காலத் தலைமுறைக்காக எழுதிவைக்கிறேன்.

நகரசபைப் பரிசோதகர் டெஸ்மண்ட் பத்து மணிக்கு வருவதாக இருந்தார். மலர் ஐந்து மணிக்கு எழுந்துவிட்டாள். வெளியாள் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் அவளுக்கு அவர் பரிசோதகரா சம்பந்தியா என்ற வேறுபாடு கிடையாது. கூட்டினாள், துடைத்தாள், தூசி படிந்த திரைச்சீலையைத் தோய்த்துக் காயவைத்து மாட்டினாள். வாளிகளைக் குளியலறையில் ஒளித்தாள். ஈரத் திட்டுக்கு மேல் கோயில் நாட்காட்டியை மாட்டினாள். அது போதாமல் எங்கள் கலியாணப் படத்தையும் பக்கத்தில் மாட்டினாள்.

"இதுகளைத்தானே மலர் அவர் பாக்க வாறார்?"

"அதுக்காக? ஆக்கள் வரேக்குள்ள ஊத்தையோடயே வீட்டை வைச்சிருக்கிறது?"

டெஸ்மண்ட் பெரிய மனிதர், மென்மையான குரல். கரீபியன் தீவொன்றிலிருந்து வந்தவராம். ஐந்து உளுந்து வடை சாப்பிட்டார். சுற்றிப் பார்த்தார். என் கலியாணப் படத்தை நீண்ட நேரம் பார்த்து, நான் அப்போது மெலிவாக இருந்தேன் என்றார். பிறகு, "ஏதும் பிரச்சினை உண்டா?" என்று கேட்டார்.

கழுத்தில் தொடர்பாளர் அட்டையோடு நின்ற நான், விருந்தினர் மனம் நோகக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில், "பெரிதாக ஒன்றுமில்லை, ஐயா" என்றேன்.

மற்ற வீடுகளிலும் இதே கதை. 711இல் ஈர மணம் தெரியாமல் சாம்பிராணி போட்டிருந்தார்கள். முறைப்பாடு செய்த சுகிர்தாவே வாளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு முக்காலியும் பூச்சாடியும் வைத்திருந்தாள். டெஸ்மண்ட் போகும்போது, தான் பார்த்த கட்டடங்களில் மிகச் சுத்தமான மாடி இதுதான் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

மே 21, செவ்வாய்
168/97

நான்கு வீடுகளுக்கும் கடிதம் வந்திருக்கிறது. ஓகஸ்ட் முப்பத்தோராம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். வாடகைக்காரர்கள் தாங்களாகவே விரும்பி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்களாம். அந்த ஒப்பந்தத்தின் பிரதியும் இணைப்பு. ஏப்ரலில் நான் கொண்டுபோன அதே நான்கு பக்கம்.

சுகிர்தா கடிதத்தோடு எங்கள் கதவடியில் வந்து நின்றாள்.

"வாசண்ணை, இதில ஏதோ பிழை நடந்திருக்கு, என்ன? நீங்கள் பல்கனி திருத்த எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"பிழைதான். நான் விசாரிக்கிறன்."

"உங்களுக்கும் வந்ததோ?"

"எங்களுக்கு இன்னும் வரேல்லை. தபால் பிந்தும்."

எல்லாத் தபாலும் ஒரே பெட்டியடியில் ஒரே நேரத்தில்தான் போடப்படுகிறது. அவள் அதை யோசிக்கவில்லை. என்னை நம்பித் திரும்பிப் போனாள். இந்த வாடகைக்கு இந்த ஊரில் இனி ஒரு பேஸ்மென்ட் அறைகூடக் கிடைக்காது என்று போகும்போது சொன்னாள். மகளின் பள்ளி நடை தூரத்தில், தொழிற்சாலைக்கு ஒரே பஸ். இதை விட்டால் எங்கே போவது என்று என்னைத்தான் கேட்டாள்.

மே 28, செவ்வாய்
159/94

நகரசபை, திருத்த வேலை நடக்கும் கட்டடங்களில் வாடகைக்காரர்களுக்கு உதவி மேசை போடுகிறது. இனிச் செவ்வாய்தோறும் எங்கள் கீழ்மாடி மண்டபத்தில். மேசையில் இருப்பவள் ஆரணி, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. அவளுடைய தமிழ் கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் படிவத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, விரலை வைத்து, வாசித்தாள். இருபது நிமிடம் எடுத்தது. நான்கு வீட்டாரும் சுற்றி நின்றார்கள். நான் மண்டபத்துத் தூணைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

"இது வீட்டை விட்டுப் போறதுக்குச் சம்மதம். பழைய ஆக்கள் போனாத்தான் புது ஆக்களிட்டைக் கூடின வாடகை வாங்கலாம். உங்களுக்கு வேற மாதிரிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினது எண்டா, செல்லாது எண்டு வாடகைத் தீர்ப்பாயத்தில கேக்கலாம். வழக்கு முடியிற வரைக்கும் ஒருத்தரும் போகத் தேவையில்லை. ஆனா நிரூபிக்க வேணும். ஆர் உங்களுக்கு விளங்கப்படுத்தினது?"

நான்கு வீட்டாரும் என்னைப் பார்த்தார்கள். குலசிங்கம் பெருமையாகவே சொன்னார்: "எங்கட வாசண்ணை."

"நீங்கள் இதை வாசிச்சனீங்களா, அங்கிள்?"

"மேலாளர் அப்படிச் சொன்னவர்" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது ஆரணிக்கு விளங்கியது. பிள்ளை மரியாதைக்கு விட்டுவிட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்
155/92

ஆரணி இரண்டாவது பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். மே மாதத்து அறிக்கையில் "குறைபாடு எதுவும் காணப்படவில்லை" என்றிருக்கிறது. அதை வாசித்துவிட்டு அவள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஓர் ஆணை போட்டாள்: வெள்ளிக்கிழமை வரை ஒருவரும் கூட்டக் கூடாது, துடைக்கக் கூடாது, ஒன்றையும் மறைக்கக் கூடாது, வடை சுடக் கூடாது.

மலருக்கு இது விரதத்தை விடக் கடினம். தும்புத்தடியை எடுக்கிறாள், வைக்கிறாள். ஈரத் திட்டைப் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறாள். "வாற மனுசன் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று ஒரு மணிக்கு ஒரு தரம் கேட்கிறாள்.

ஜூன் 13, வியாழன்

அழுத்தம் பார்க்கவில்லை.

வரவேற்பறையைக் கூட்டக்கூடாது என்ற ஆணை மேசை இழுப்பறைக்கு, அதுதான் இலாச்சிக்கு, பொருந்தாது என்று மலர் முடிவு செய்துவிட்டாள். கை சும்மா இருக்காதே. இலாச்சியின் அடியில், பழைய தொலைபேசிக் கட்டணச் சீட்டுகளுக்குக் கீழே, எங்கள் வீட்டுப் படிவம். 706. கையெழுத்து இல்லாதது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியின் கீழ் நான் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருக்கிறேன். எதையும் வாசிக்கும்போது கோடு போடுவது என் கச்சேரிப் பழக்கம்.

மலர் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள். நான் கடைக்குப் போய் வந்தபோது தாள் மேசையில் விரித்தபடி இருந்தது.

"இந்தக் கோடு எப்ப போட்டது?"

கடைப் பையைக் கீழே வைத்தேன்.

"சுகிர்தாவிட்டைப் போக முந்தியோ, போன பிறகோ?"

"முந்தி."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இருவரும் களைத்துச் சாப்பிட்டுப் படுத்திருப்போம். எழும்பிப் போய் உலையில் அரிசி போட்டாள். ஒரு ஆளுக்கு அளவான அரிசி. பிறகு கொஞ்சம் நின்று யோசித்து இன்னொரு சுண்டு போட்டாள்.

வைத்தியர் இதை வாசிக்கமாட்டார், ஆகவே எழுதுகிறேன். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி அந்த வரியை வாசித்தேன். "குடியிருப்பை நிரந்தரமாக விட்டு வெளியேறச் சம்மதிக்கிறேன்." ஐயம் ஒன்றும் இல்லை. அவ்வளவு தெளிவான ஆங்கிலம். கீழே ஓடினேன். கிரெக் என் தாளைத் திருப்பித் தந்து, "உங்கள் வீட்டுக்கு இது பொருந்தாது, நீங்கள் நம்மவர்" என்றார். அந்த நேரம் என் மனதில் முதலில் வந்தது மற்றவர்களின் வீடு அல்ல. என் வீடு தப்பியது என்ற ஆறுதல்தான். அடுத்தபடியாக வந்தது, மூன்று வீட்டாரிடம் திரும்பிப் போய், "நான் வாசிக்காமல் உங்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்" என்று சொல்ல வேண்டுமே என்ற வெட்கம். சுகிர்தாவை மட்டும் விட்டுவிட்டால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்களே. ஆகவே 704இன் கதவைத் தட்டினேன். அவள் தேநீர் ஊற்றித் தந்தாள். குடித்தேன்.

ஜூன் 14, வெள்ளி

டெஸ்மண்ட் வந்தார். தண்ணீர், வெடிப்பு, பூஞ்சணம், தூசி எல்லாவற்றையும் படமெடுத்தார். கட்டட உரிமையாளருக்கு நகரசபைக் கட்டளை போகுமாம். மலர் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. வீடு அழுக்காக இருந்ததால் என்று அவரிடம் சொன்னேன்.

ஜூலை 6, சனி

சுகிர்தாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக் கத்தரிக்காய்க் குழம்போடு போனேன். குழம்பைக் கொடுத்தேன். காலநிலை பற்றிக் கதைத்தேன். மகளின் கணித பாடம் பற்றிக் கதைத்தேன். போன கிழமைக் கிண்ணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

"சொன்னனீங்களோ?" என்றாள் மலர்.

"அவள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டவள்."

"இது மூண்டாவது குழம்பு" என்றாள்.

செப்டெம்பர் 10, செவ்வாய்

கிரெக் கூப்பிட்டார். அடுத்த மாதம் தீர்ப்பாயத்தில் விசாரணை. உரிமையாளர் பக்கத்தின் முக்கிய வாதமே நான்தானாம். நான்கு வீட்டாருடைய சமூகத்தின் படித்த பெரியவர் ஒருவர் அவர்களுடைய மொழியிலேயே விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கப்பட்டது. அதை நான் வந்து சொன்னால் போதும். எங்கள் பல்கனியை முதலில் முடித்துத் தருவாராம். புதிய தரை ஓடும் போடுவாராம்.

"சொல்லவேண்டியது உண்மைதானே" என்றார். நான்கில் மூன்று பங்கு உண்மை. கச்சேரியில் அந்த அளவு உண்மையோடு எத்தனையோ கோப்புகள் மேலே போயிருக்கின்றன.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மலரிடம் சொன்னதும், "எந்தப் பக்கத்துக்கு?" என்று மட்டும் கேட்டாள். எதிர்ப் பக்கத்தில் நிற்கும் ஆரணியிடமும் போய், கிரெக்கின் சாட்சியாக நான் வருவதைத் தெரிவித்தேன். சுகிர்தா பக்கத்தில் நின்றாள். "நல்லது வாசண்ணை, நடந்ததைச் சொல்லுங்கோ, நீங்கள் சொன்னா அவை நம்புவினம்" என்றாள்.

ஒக்டோபர் 17, வியாழன்

விசாரணை கணினியில்தான். ஆரணி எங்கள் கீழ்மாடி மண்டபத்தில் பெரிய திரை வைத்தாள். நான் வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும், கீழே வீட்டில் கட்டும் சாரமும். திரையில் நெஞ்சுக்கு மேல்தானே தெரியும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் ஒரே திரை, ஒரே அறை என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. எழுந்து நின்று சத்தியம் செய்யச் சொன்னபோது நான்கு வீட்டாரும் என் சாரத்தைப் பார்த்தார்கள்.

தீர்ப்புச் சொல்லும் தீர்ப்பாய உறுப்பினர் ஒரு பெண்மணி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேறொரு பெட்டியில் தெரிந்தார். உரிமையாளரின் வழக்கறிஞர் கேட்டார்: நான்கு வீட்டுக்கும் படிவத்தைக் கொண்டுபோனவர் நீங்களா? ஆம். தமிழில் விளக்கினீர்களா? ஆம். அரசாங்க ஆவணங்களை வாசிப்பதில் உங்களுக்கு முப்பத்தொரு வருட அனுபவம் உண்டல்லவா? ஆம். அந்த "ஆம்" எவ்வளவு இனிமையாக வந்தது என்பதை எழுதாவிட்டால் இந்த நாட்குறிப்பு பொய்.

"ஆகவே படிவத்தில் உள்ளதைச் சரியாக விளக்கினீர்கள்?"

மூன்று நாளாக ஆங்கிலத்தில் பாடமாக்கி வைத்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது. நல்ல பதில். அதில் "சூழ்நிலைகளின் நிமித்தம்" என்று பொருள்படும் சொற்றொடர் இரண்டு இடத்தில் வரும். வாயைத் திறந்தேன். பக்கத்தில் சுகிர்தா அந்த ஆங்கிலத்தை ஒரு சொல்லும் விளங்காமல், ஆனால் என் மீது முழு நம்பிக்கையோடு, பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமிழில் பதில் சொல்ல அனுமதி கேட்டேன். கனடாவுக்கு வந்து பதினேழு வருடத்தில் நான் மொழிபெயர்ப்பாளர் கேட்டது இதுதான் முதல் தடவை. வழக்கறிஞருக்கு முகம் மாறியது.

"மூண்டு வீட்டுக்கு வாசியாமல் போனன். நாலாவது வீட்டுக்கு வாசிச்சிட்டுப் போனன். அதில வீட்டை விட்டுப் போகவேணும் எண்டு இருந்தது எனக்குத் தெரியும். என்ர தாளில மட்டும் நான் கையெழுத்து வைக்கேல்லை. நாலாவது வீடு இந்தப் பிள்ளையின்ர."

மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர், என் வயதுக்காரர். அவர் ஆங்கிலத்தில் சொன்னபோது, நான்காவது வீட்டுக்கு முன் நான் படிவத்தை "ஓரளவு பார்த்திருந்தேன்" என்று சொன்னார். எனக்கு ஒரு வழி விட்டுத்தர நினைத்திருக்கலாம். நான் குறுக்கிட்டேன். "ஓரளவு பார்க்கவில்லை. வாசித்தேன். கோடு போட்டு வாசித்தேன்" என்று ஆங்கிலத்தில் திருத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடைசி ஆங்கிலத் திருத்தம் அதுவாக இருக்கட்டும்.

கோடு போட்ட தாளை மலர் கைப்பைக்குள்ளிருந்து எடுத்து ஆரணியிடம் கொடுத்தாள். எப்போது வைத்தாளோ தெரியாது.

முடிந்ததும் குலசிங்கம் என்னைத் தாண்டிப் போனார். நேசம் அக்கா, "அட வாசன்" என்றார், அண்ணை இல்லாமல். சுகிர்தா எழுந்தாள். கதிரையை ஒழுங்காக மேசைக்குக் கீழே தள்ளிவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மலரிடம் சொன்னேன்.

"உங்களுக்கு நல்லா இருக்கிறதுக்கு அவள் ஏன் ஏசவேணும்?" என்றாள் மலர்.

நவம்பர் 12, செவ்வாய்

தீர்ப்பு வந்தது. நான்கு ஒப்பந்தமும் செல்லாது. நான்கு வீட்டாரும் இருந்த இடத்திலேயே, இருந்த வாடகையிலேயே இருக்கலாம். சுகிர்தா வீட்டிலிருந்து பாயாச மணம் வந்தது. ஏழாம் மாடியில் எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கும் வந்தது, மகளின் கையில். "அம்மா மலர் அன்ரிக்குக் குடுக்கச் சொன்னவ" என்றாள் பிள்ளை. மலர் ஒரு கரண்டி எனக்கும் தந்தாள்.

கிரெக் வேறு கட்டடத்துக்கு மாற்றமாம். எங்கள் பல்கனி கடைசியாகத்தான் முடியும் என்று புதியவர் சொல்கிறார். நியாயம்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

நான் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஆரணிக்குக் கதிரை அடுக்கிக் கொடுக்கிறேன். நானாகக் கேட்டுப் பெற்ற வேலை. மேசை துடைப்பேன், தேநீர் கொண்டுவருவேன், வந்தவர்களை வரிசையில் இருத்துவேன். தாள் ஒன்றையும் தொடுவதில்லை.

இன்று மூன்று மணிபோல் சுகிர்தா ஒரு தாளோடு வந்தாள். ஆரணி ஒரு வயோதிபருடன் நீண்ட வேலையில் இருந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் சும்மா நின்றேன். இரண்டு நிமிட வேலை என்பது தூரத்திலேயே தெரிந்தது, அரைப் பக்கம்தான். சுகிர்தா என்னைப் பார்த்தாள். போய்க் கதிரையில் அமர்ந்தாள். வேலைக்கு நேரமாகிறது என்று கைத்தொலைபேசியைப் பார்த்தாள். அப்படியே காத்திருந்தாள். இருபத்தைந்து நிமிடம். நான் அடுக்கிய கதிரைகளை மறுபடி அடுக்கினேன். அவள் அப்படி இருப்பது சரி என்று எனக்குத் தெரிந்தது.

பஸ் வரும் நேரமாகியிருக்க வேண்டும். எழும்பினாள். மேசைக்கு வந்தாள். விசாரணைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் சொல்:

"நீங்கள் வாசியுங்கோ, வாசண்ணை. ஆரணிப் பிள்ளை பாத்துக்கொண்டிருக்கட்டும்."

ஆரணி வயோதிபரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணாடியை மாட்டினேன். ஆரணியைப்போல் முதல் எழுத்தில் விரலை வைத்தேன். தேதியை வாசித்தேன். அனுப்பியவர் பெயரை வாசித்தேன். ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொல்லி, ஆரணியின் முகத்தைப் பார்த்து, அவள் தலையாட்டிய பிறகு அடுத்த வரிக்குப் போனேன். அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தேன்.

நாளை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை ஏழாம் மாடிக்குத் தண்ணீர் வராது. அவ்வளவுதான். இதில் ஒரு இடத்திலும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை என்று சொன்னேன்.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றாள் சுகிர்தா.

வாசித்தேன்.